சிகர் உண்ணிக் கடிக்கு நெயில் பாலிஷ் வேண்டாமே

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் புல்லில் விளையாடிய குழந்தையைச் சிகர் (chigger) என்ற மிகச் சிறிய உண்ணி கடித்தால், அது தோலுக்குள் புகுந்திருக்கும், நெயில் பாலிஷ் தடவினால் மூச்சடைத்துச் சாகும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அது சரியில்லைங்க.

சிகர் தோலுக்குள் புகுவதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு உமிழ்நீரைச் செலுத்தும்; அந்த உமிழ்நீரால்தான் அரிப்பு. அரிப்பு தொடங்குவதே பல மணி நேரம் கழித்துத்தான். பெரும்பாலும் அதற்குள் குளியலிலோ துணி உரசலிலோ பூச்சி போயிருக்கும். இல்லாத பூச்சியை எப்படி மூச்சடைக்க வைப்பது? சொறிந்து புண்ணான பிஞ்சுத் தோலில் அந்த ரசாயனம் எரியத்தான் செய்யும், பாவம்.

நீங்களே பார்க்கலாம்: பூதக்கண்ணாடியில் தடிப்பைப் பாருங்கள், பூச்சி குடைந்து போன கோடு எதுவும் தெரியாது. அல்லது பாலிகிளினிக் மருந்தாளரிடம் கேளுங்கள்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, கேலமைன் தடவி, குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலோ, கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், புல்லில் விளையாடியதையும் மறக்காமல் சொல்லுங்கள்.