செங்காந்தள் தானாகக் காய்க்குமா?

"ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் செங்காந்தள் தானாகவே காய்த்துவிடும், தேனீயும் வேண்டாம் ஆளும் வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. ஒரு பூவைக் கிட்டத்தில் பாருங்கள்: இதழ்கள் மேலே சுருண்டு நிற்கும், ஆண் பாகமான ஆறு மகரந்தத் தாள்களும் சுற்றிலும் விரிந்திருக்கும், ஆனால் பெண் பாகமான சூலகத் தண்டு மட்டும் அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, ஏதோ கோபித்துக்கொண்டதுபோல வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் உதிர்ந்தாலும் அதன் நுனியில் விழுவது அபூர்வம். அதனால்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறவர்கள் காலையிலேயே ஆள் வைத்துப் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். தானாகக் காய்த்தால் அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்? அப்புறம், எல்லாச் செடியும் இப்படி இல்லை, நிலக்கடலை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.