பொதுப்பேரவை என்பது சபைக் கலைப்பு அன்று

கத்தோலிக்க அருள்சகோதரர் சபையொன்று (குருக்களாகாமல் துறவு வாழ்வு வாழும் ஆண்களின் அமைப்பு) தன் வருங்காலப் பணியைத் தேர்ந்து தெளிய, சபை முழுவதன் பிரதிநிதிகள் கூடும் பொதுப்பேரவையைக் கூட்டினாலே, "ஆள் குறைந்துவிட்டது, சபையைக் கலைக்க வாக்கெடுக்கிறார்கள்" என்னும் செய்தி வாட்ஸ்அப்பில் பரவிவிடுகிறது. இது தவறு. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டநூலான 1983-ஆம் ஆண்டுத் திருச்சட்டத் தொகுப்பின் 584-ஆம் சட்டப்படி ஒரு சபையைக் கலைக்கும் உரிமை திருத்தந்தையின் தலைமை ஆட்சியமைப்பான திருப்பீடத்துக்கு மட்டுமே உண்டு. பேரவை அதற்காக வாக்கெடுத்தாலும் அந்த வாக்கினால் மட்டும் சபை கலைந்துவிடாது.

பேரவையின் பணி வேறு. 631-ஆம் சட்டம் சொல்வதுபோல, நிறுவுநர் விட்டுச்சென்ற தனிவரத்தை, அதாவது சபைக்கே உரிய ஆன்மிக நோக்கையும் பணியையும், காப்பதும், அதற்கேற்பச் சபையைப் புதுப்பிப்பதும், சபை முழுவதற்கும் தலைவரான தலைமை மேலாளரைத் தேர்ந்தெடுப்பதும் அதன் முதன்மைக் கடமைகளுள் அடங்கும். சட்ட நெறிக்கு உட்பட்டு எந்த உறுப்பினரும் பேரவைக்குத் தம் விருப்பங்களை எழுதி அனுப்பலாம் என்பதையும் அதே சட்டம் உறுதிசெய்கிறது. முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாய் இருக்கும் சகோதரரின் ஒரு பக்கக் கடிதமும் அங்கே போய்ச் சேரும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

உறுப்பினர் எண்ணிக்கை பல நாடுகளில் குறைந்திருப்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1680-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் தொடங்கிய சபையும், 1817-இல் லவல்லா என்னும் சிற்றூரில் இரண்டே இளைஞர்களோடு புனித மார்சலின் ஷாம்பனா தொடங்கிய மரிஸ்ட் சபையும் பல பேரவைகளைக் கண்ட பின்னரும் இன்றுவரை பள்ளிகளை நடத்திவருகின்றன.