சிறு வயதிலேயே ஒரே விளையாட்டு: மருத்துவ அறிக்கை சொல்வது வேறு

ஏழெட்டு வயதிலேயே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து ஆண்டு முழுவதும் இடைவெளியின்றிப் பயிற்சி தந்தால்தான் பிள்ளைகள் போட்டியின் அழுத்தத்தைத் தாங்கப் பழகுவார்கள் என்றும், குழந்தை மருத்துவர்களும் அதையே பரிந்துரைக்கிறார்கள் என்றும் பெற்றோருக்கான ஒரு பதிவில் சொல்லப்பட்டுள்ளது. அக்கறையோடு பகிரப்பட்டிருந்தாலும் இது சரியன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2016-இல் வெளியிட்ட அறிக்கை நேர்மாறாகவே கூறுகிறது: பெரும்பாலான விளையாட்டுகளில் 15 அல்லது 16 வயதுவரை ஒன்றை மட்டுமே பிடித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது, வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வும், ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்தேனும் ஆண்டுக்கு மொத்தம் 3 மாத இடைவெளியும் தேவை. ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளம் வயதிலேயே உச்சத்தை எட்டவேண்டிய சில விளையாட்டுகள் விதிவிலக்கானவை. இடைவிடாத பயிற்சியால் காயங்கள் மட்டுமல்ல, மனம் சலித்து விளையாட்டையே விட்டுவிடும் நிலையும் வரக்கூடும் என்பதே அறிக்கையின் கவலை. போட்டிக்கு முந்தைய இரவு வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையை, "போகப் போகப் பழகிவிடும்" என்று களத்துக்கு அனுப்ப மருத்துவர்களின் பெயரைத் துணைக்கு அழைப்பது முறையன்று.

ஐயமிருப்பவர்கள் அகாதெமியின் 'பீடியாட்ரிக்ஸ்' இதழின் இணையதளத்தில் 2016 செப்டம்பர் வெளியீட்டைத் திறந்து பார்க்கலாம். அறிக்கை கட்டணமின்றிக் கிடைக்கிறது. வயது வரம்பும் ஓய்வுக் கணக்கும் அதன் இறுதியிலுள்ள பரிந்துரைப் பகுதியில் தெளிவாகவே இருக்கின்றன.