இறுக்கிக் கட்டினால் ரத்தக்குழாய் அடைப்பு கரையுமா?

“தொடையில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் ரத்தக்குழாய் அடைப்பு கரையும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அடைப்பு கரைந்ததாக எந்த ஆதாரமும் இல்லை.

ஜப்பானின் யோஷியாகி சாட்டோ உருவாக்கிய, ரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தசையை வலுவாக்கும் ‘காட்சு’ பயிற்சிதான் இப்படித் திரிந்திருக்கிறது. அதில் காற்றடைத்த பட்டையைத் தொடையின் மேற்பகுதியில் கட்டுவார்கள். காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் ஓட்டம் குறையும், நிற்காது. சிரை வழியே ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதுதான் தடைபடும். இவ்வகைப் பயிற்சிகளில் இன்று, தமனியை முழுதாக அடைக்கும் அழுத்தத்தை டாப்ளரில் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தை அறியும் கருவி) அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம் மட்டுமே வைப்பார்கள். பயிற்சியில் தூக்கும் எடை, ஒருமுறை மட்டுமே தூக்க முடிகிற உச்ச எடையில் 20–30 சதவீதம். முதலில் 30 முறை, பிறகு 15 வீதம் மூன்று சுற்று.

பட்டையைத் தளர்த்தியதும் பாயும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரச, நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாய் விரியும். நீண்ட கால விளைவில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை: சிலவற்றில் முன்னேற்றம், சிலவற்றில் மாற்றமே இல்லை.

கயிறு வேறு கதை. மெல்லியதாக இருப்பதால் ஒரே கோட்டில் அழுத்தி நரம்பை நசுக்கும். எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கவும் வழியில்லை. கால் மரத்தாலோ வெளிறினாலோ உடனே அவிழ்க்க வேண்டும். ரத்தம் உறைந்த வரலாறு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கர்ப்பம் உள்ளவர்கள் பட்டையையும் தொடவேண்டாம்.