நகல் எடுத்தாயிற்று, பூட் எப்போது ஆகும்?

லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைப் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றக் கற்றுக்கொடுக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, டிஸ்க்கை நகலெடுக்கும் டிடி கட்டளை ஓடி முடிந்ததும் ‘இனி ரீபூட் செய்யலாம்’ என்று முடிந்துவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தலைவலி தொடங்குவதே அந்த ரீபூட்டுக்குப் பிறகுதான்.

டிடி ஒவ்வொரு பைட்டையும் அப்படியே எடுத்துவைக்கிறது. ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்ணான யூயூஐடியும் அதில் அடக்கம். ஆகவே இரண்டு டிஸ்க்குகளும் பொருத்தப்பட்டிருந்தால் ஒரே அடையாளத்தோடு இரண்டு பார்ட்டிஷன்கள் நிற்கும். எது ரூட்டாக மவுண்ட் ஆகும், அதாவது சிஸ்டத்தோடு இணைக்கப்படும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. அதே யூயூஐடி உள்ள ஒன்று ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருந்தால் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இன்னொன்றை ஏற்க மறுக்கிறது. எக்ஸ்ட்4 வாயே திறப்பதில்லை. பிடிஆர்எஃப்எஸ் தன் டிவைஸ்களை யூயூஐடியை வைத்தே இனங்காண்பதால், அசலும் நகலும் ஒருசேரக் கண்ணில் பட்டால் தரவே சிதையும் அபாயம் உண்டு. இதைப்பற்றி ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஃபைல்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தையே டிடி போடச் சொல்பவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

டிடி வேண்டாம், புதிதாக ஃபார்மேட் செய்து, ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் போடலாம் என்றால், வெறும் ‘-ஏ’ ஆப்ஷன் போதும் என்கிறார்கள். அது ஹார்ட் லிங்க்குகளையும் (ஒரே ஃபைலின் பல பெயர்கள்) ஏசிஎல்களையும் (கூடுதல் அனுமதிப் பட்டியல்கள்) நீட்டிக்கப்பட்ட பண்புகளையும் (ஃபைலோடு ஒட்டிய கூடுதல் தகவல்கள்) விட்டுவிடும் என்பதை யார் சொல்வது?

இவற்றையெல்லாம் சரியாகச் செய்து, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் புதிய யூயூஐடியை எழுதி, பூட்லோடரான கிரப்பின் கான்ஃபிக்கைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப்பும் ஓட்டிய பிறகு இயந்திரம் ஒழுங்காகவே பூட் ஆகும். பழைய டிஸ்க்கைக் கழற்றிய மறுகணம் கறுப்புத் திரையில் ‘கிரப்>’ என்று மட்டும் வந்து நிற்கும். டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்களில், பூட் ஃபைல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் சில வரிகளே கொண்ட இன்னொரு கிரப்.சிஎஃப்ஜி இருக்கிறது, முழு கான்ஃபிக் எந்த யூயூஐடியில் உள்ளது என்பது அதில்தான் எழுதப்பட்டிருக்கும். அப்டேட்-கிரப் அதைத் தொடுவதில்லை, கிரப்-இன்ஸ்டால்தான் மாற்றும். அதாவது அதுவரை பூட் ஆனதெல்லாம் பழைய டிஸ்க்கின் தயவில்தான்! போதாததற்கு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிக ஃபைல் சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பழைய ஸ்வாப்பின் (மெமரிக்குத் துணையாக நிற்கும் பார்ட்டிஷனின்) யூயூஐடி ஒட்டிக்கொண்டிருந்தால், இல்லாத பார்ட்டிஷனுக்காக ஒவ்வொரு பூட்டும் வீணாகக் காத்துக்கிடக்கும்.

ஒரே சிஸ்டத்தின் அடையாளத்தை இத்தனை இடங்களில் சிதறவிட்டு, அவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று சோதித்துச் சொல்ல ஒரு கட்டளைகூடத் தராமல் இருப்பது எந்த வகையில் நியாயம்? நிறுவும்போது இன்ஸ்டாலர் இவை அனைத்தையும் தானே எழுதத்தான் செய்கிறது. அதே வேலையை ‘வேறு டிஸ்க்குக்கு மாற்று’ என்ற ஒரு தெரிவாகத் தருவதற்கு டிஸ்ட்ரோக்களுக்கு என்ன தடை? அதுவரை, குறிப்பு எழுதுபவர்களாவது டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் டைரக்டரிகள் மூன்றையும் புதிய டிஸ்க்கில் பைண்ட் மவுண்ட் செய்து, அந்த டிஸ்க்கையே ரூட்டாகக் கொண்ட சிஎச்ரூட்டுக்குள் போய், கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப், இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிப்பு எல்லாவற்றையும் முடித்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு பூட் செய்து பார்த்த பிறகே ‘முடிந்தது’ என்று எழுதட்டும்.