நாலு துளையை நேராக வைக்க ஒரு மதியமா?

ஒரு தகடு. நீளம் 120 மி.மீ., அகலம் 80. நாலு மூலையில் நாலு துளை. கணினியில் பொறியியல் படம் வரைகிற கேட் (CAD) சாஃப்ட்வேரில் கை வைத்த முதல் வாரமே எல்லாரும் போட்டுப் பார்க்கிற படம். இதற்கு எனக்கு ஒரு முழு மதியம் போனது என்றால் சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள்.

நான் கோடு இழுக்கும்போதே இந்தச் சாஃப்ட்வேருக்கு ஊகிக்கிற வியாதி. கோடு கொஞ்சம் படுத்தால், கிடையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு ஹாரிசாண்டல் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது கட்டுப்பாடு. வட்டத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று டேன்ஜென்ட். யார் கேட்டது? ஒரு விளிம்பில் வேண்டுமென்றே 1 டிகிரி சரிவு வைத்தேன். அதையும் படுக்கவைத்துவிட்டு, பக்கத்தில் கொசு அளவுக்கு ஒரு ஐகானை ஒட்டிவிட்டுப் போய்விட்டது.

சரி, துளைகளுக்கு வருவோம். ஒரு வட்டத்துக்கு 3 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (இடவலம் நகரலாம், மேல்கீழ் நகரலாம், அளவு மாறலாம்), நாலுக்கும் சேர்த்து 12. எல்லாம் ஒரே அளவு என்று மூன்று ஈக்வல், ஒரு விட்டம், போக மீதி 8. மேல் ஜோடிக்கும் கீழ் ஜோடிக்கும் ஹாரிசாண்டல், இடதுக்கும் வலதுக்கும் வெர்டிகல், மீதி 4. எதிரெதிர் மூலைத் துளைகள் இரண்டைத் தகட்டின் நடுப்புள்ளிக்கு சிமெட்ரிக் ஆக்கினால் மீதி 2. விளிம்பிலிருந்து 15, 15 என்று இரண்டு டைமென்ஷன். கணக்கு தீர்ந்தது! பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வலது ஜோடிக்கு வெர்டிகல் கொடுத்ததும் ஸ்கெட்ச் முழுக்கச் சிவப்பு. ஓவர் கன்ஸ்ட்ரெயின்ட்! எது அதிகம்? அதைச் சொல்லாது. ஒன்று கூடிப்போனதற்கு ஒரு டஜனைச் சிவப்பாக்கிவிட்டு நீயே தேடிக்கொள் என்கிறது. ஒவ்வொன்றாக அழித்து, அண்டூ கொடுத்து, அடுத்ததை அழித்து... முக்கால் மணி நேரம் கழித்து, டைமென்ஷன் எழுத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது அகப்பட்டது. அதே ஜோடிக்கு அதே வெர்டிகல். துளையை வைக்கும்போதே அதுவாகப் போட்டது. தானே ஒரு தடவை சொல்லிவிட்டு, நான் சொன்னால் மட்டும் குற்றம்!

ஐவன் சதர்லேண்ட் என்கிற கணினி விஞ்ஞானி, கேட் சாஃப்ட்வேருக்கெல்லாம் முன்னோடியான ஸ்கெட்ச்பேடை எம்.ஐ.டி.யில் செய்து காட்டியது 1963-ல். லைட் பேனாவால் கோணல்மாணலாகக் கிறுக்கிவிட்டு, இவை இணையாக இருக்க வேண்டும், இவை செங்குத்தாக இருக்க வேண்டும் என்று சொன்னால் படம் தானே நிமிர்ந்துகொள்ளும். கவனியுங்கள், சொன்னால். என் சாஃப்ட்வேருக்குச் சொல்லாததையும் செய்கிற புத்தி.

எரிச்சலை முழுக்க மெஷின் மேலேயே கொட்டவும் முடியவில்லை. அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். சிவப்பு வந்தால் எல்லா கன்ஸ்ட்ரெயின்டையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஃபிக்ஸ் போட்டு அனுப்பிவிடுவார். திறந்தால் எங்கு பார்த்தாலும் பூட்டு ஐகான். பார்க்க அச்சு அசல் முடிந்த படம். நீளத்தை 1 மி.மீ. மாற்றிப் பாருங்கள், ஒன்றும் அசையாது. அவர் அனுப்பிய இன்னொரு ஃபைலில் கண்ணளவில் நேராக இருந்த விளிம்பை அளந்தேன். 89.97 டிகிரி. கண்ணுக்குச் சரி, இரண்டாவது பாகம் வந்து உட்காரும்போது தெரியும் சேதி.

சரி, என் தகடு ஒருவழியாக முழுதாகக் கட்டுக்குள் வந்தது. நிம்மதியாக 120-ஐ 300 ஆக்கினேன். நாலு துளையும் தகட்டுக்கு வெளியே போய் அந்தரத்தில் நின்றன. விளிம்பிலிருந்து 15 மி.மீ. தானே கேட்டாய், உள்ளேயா வெளியேயா என்று சொன்னாயா என்கிற மாதிரி. பிழைச் செய்தி கிடையாது, சிவப்பு கிடையாது. நிபந்தனைகளுக்கு விடை கண்டுபிடிக்கிற சால்வரைப் பொறுத்தவரை எல்லா நிபந்தனையும் சுத்தமாக நிறைவேறிவிட்டது.

ஒரேயடியாகத் தாண்டினால் சால்வர் வேறு விடையில் போய் விழும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்றார் ஒரு நண்பர். பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது 210. துளைகள் உள்ளேதான் இருக்கின்றன, இதுவரை.