"நல்ல சென்டர் ஒன்னு சொல்லேன்"

சித்தப்பா விஷயத்தில் நாங்கள் பட்டபாடு உறவு முழுக்கத் தெரியும். அதனால் குடிக்கிறவர் இருக்கிற வீடுகளிலிருந்து மாதம் ஒரு போனாவது எனக்கு வந்துவிடும். எல்லோரும் கேட்பது குடியை நிறுத்த வைக்கிற நல்ல சென்டர் எது என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: காலையில் எழுந்ததும் கை நடுங்குதா?

சித்தப்பாவுக்கு நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டீ கிளாஸைப் பிடிக்க வரும். எங்கள் கண்ணுக்கு அது கொழுப்பாகத் தெரிந்தது. மூன்று மாதம் அடைத்துப் போட்டால் திருந்துவார் என்று ஊருக்கு வெளியே ஒரு மையத்தில் நானும் மாமாவும் கொண்டுபோய் விட்டோம். உயரமான காம்பவுண்டுச் சுவர், காலையில் யோகா. டாக்டர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் விடிகாலையில் ஃபிட்ஸ் வந்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் பூச்சி ஊருகிறது என்று கத்தியவரை, நடிக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சாராயத்துக்குப் பழகிய மூளை தறிகெட்டு ஓடும். முதல் இரண்டு நாளில் ஃபிட்ஸ் வரலாம். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் வியர்வை, காய்ச்சல், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது. கவனிக்காவிட்டால் உயிரே போகும். இதற்கு மாத்திரை இருக்கிறது, அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள், அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால். அந்த மையத்தில் இது எதுவுமே இல்லை.

இன்னொரு பக்கம் என் நண்பன். சனி ஞாயிறுதான் குடி, ஆனால் குடித்தால் நிறுத்தத் தெரியாது. வருடா வருடம் மாலை போட்டு 48 நாள் சொட்டுக்கூடத் தொடமாட்டான், நடுக்கமும் வராது. மலையிலிருந்து இறங்கியதும் பழையபடி. அவனையும் அடைக்கச் சொன்னாள் மனைவி. அடைத்திருந்தால் வேலைதான் போயிருக்கும். மனநல ஓபி (வெளிநோயாளிப் பிரிவு), குடிக்கிற ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை, வாராவாரம் கவுன்சலிங், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

முன்பு ஃபிட்ஸ் வந்தவர், கல்லீரல் கெட்டவர், சாகப் போகிறேன் என்கிறவர், இவர்களுக்கு முதலில் மருத்துவமனைப் படுக்கை. ஓபியில் திரும்பத் திரும்பத் தவறுகிறவர், வீட்டிலேயே கூடக் குடிக்க ஆள் இருக்கிறவர், இவர்களுக்குத்தான் மாதக்கணக்கில் தங்கும் இடம். அங்கேயும் மனநல மருத்துவர் வருகிறாரா, மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்பம் கையெழுத்துப் போட்டால் யாரையும் பூட்டி வைக்கலாம் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் மருந்து பற்றியும் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது டைசல்பிராமாக (சாராயத்தோடு சேர்ந்தால் உடம்பைப் புரட்டிப் போடும் மருந்து) இருந்து, தெரியாமல் மேலே குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

சித்தப்பா நடுவில் இரண்டு முறை வழுக்கினார். முதல் முறை ஒரே நாள் குடி, நடுக்கம் இல்லை. ஓபியிலேயே சமாளித்தார் டாக்டர். அடுத்தது மூன்று வாரம் ஓடியது, ஐந்து நாள் வார்டு. அந்தத் தடவை பையில் லுங்கியும் துண்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆட்டோ கூப்பிடச் சொன்னது அவரேதான்.